முதலில் டயர், கடைசியில் ஆர்ச்!

பழைய எம்.ஜி.பி.க்கு அகலமான பின் வீல் ஆர்ச் பொருத்த அக்காவின் டிப்ஸ்

தம்பி, எம்.ஜி.பி. வாங்கின கையோடு எல்லோருக்கும் வருகிற ஆசைதான் உனக்கும் வந்திருக்கிறது. அகல டயர், அதன் மேல் உப்பிய ஃபைபர் ஆர்ச், பின்னாலிருந்து பார்த்தால் ரேஸ் கார் தோரணை. ஆசையில் தப்பே இல்லை. ஆனால், "ரெண்டு ஃபைபர் துண்டு, நாலு ரிவெட், ஒரு டப்பா பட்டி, சனி ஞாயிறில் முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. ஃபைபர் ஒட்டுவது இதில் கடைசி வேலை, சின்ன வேலை. பெரிய வேலையெல்லாம் தகர வேலை. ஆர்ச் வெறும் மூடிதான். பலம் முழுக்க அதற்கு அடியில் நீ வெட்டப்போகிற தகட்டில் இருக்கிறது. எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். வெட்டியதைத் திரும்ப ஒழுங்காக மூடினால்தான் வண்டி வண்டியாக இருக்கும்.

இந்த ஆர்ச்சின் கதை

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் எம்.ஜி.பி. செய்தார்கள். கடையில் நீ கேட்கப்போகும் 'செப்ரிங் ஆர்ச்' என்ற பெயர், அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் செப்ரிங்கில் நடக்கும் 12 மணி நேர ரேஸிலிருந்து வந்தது. 1968-ல் அங்கே பேடி ஹாப்கிர்க்கும் ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் ஓட்டிய, எம்.ஜி.பி.யின் உடன்பிறப்பான எம்.ஜி.சி. ஜி.டி.எஸ். 10-வதாக வந்தது. எடை குறைய அதன் வெளித்தகடுகளை அலுமினியத்தில் செய்திருந்தார்கள். அகல டயர் போடவேண்டி இருந்ததால் ஆர்ச்சை உப்ப வைத்தார்கள். அந்த உருவத்தைத்தான் இன்று ஃபைபரில் வார்த்து விற்கிறார்கள். டயருக்காக ஆர்ச் வந்ததே தவிர, ஆர்ச்சுக்காக டயர் வரவில்லை. நீயும் அந்த வரிசையிலேயே போ.

1. வீலும் டயரும் கைக்கு வரட்டும்

கம்பெனி வீல் 14 அங்குலம், அகலம் 4 முதல் 5 அங்குலம்தான். ஆர்ச் போடுபவர்கள் பெரும்பாலும் 7, 8 அங்குல அகலத்துக்குப் போகிறார்கள். அரை அங்குலம் இப்படி அப்படி ஆனாலும் வெட்டுக்கோடு மாறிவிடும். அதனால் வீல், டயர் இரண்டையும் வாங்கி, மாட்டி, காற்றடித்து நிறுத்திய பிறகுதான் அளவு எடுக்க வேண்டும்.

உன் வண்டி கம்பி வீலா, போல்ட் வீலா என்று பார். பின்னாளில் வந்த குழாய் வடிவ ஆக்சிலில் இரண்டுக்கும் அகலமே வேறு. இன்னொருவர் வண்டியில் சரியாக உட்கார்ந்த வீல் உன்னுடையதில் உள்ளே உரசும், இல்லாவிட்டால் வெளியே நீட்டும். போல்ட் வீலில் நான்கு போல்ட்டும் 114.3 மி.மீ. வட்டத்தில் இருக்கும். வீலை வெளியே தள்ள ஸ்பேசர் போடுவதைவிடச் சரியான ஆஃப்செட் உள்ள வீலையே தேடி வாங்கு. தடிமனான ஸ்பேசரால் நட்டு பிடிக்கும் மரை குறைந்துபோகும்.

இன்னொன்று: பின்னால் மட்டும் டயரை அகலமாக்கினால் பின்பக்கப் பிடி கூடும், முன்பக்கம் அதற்கு ஈடு கொடுக்காது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே இழுத்துக்கொண்டு போகும். முன் டயரையும் சேர்த்து யோசித்து வாங்கு.

2. ஆக்சிலை மேலே தூக்கிப் பார்

வண்டி நிற்கும்போது இருக்கும் இடைவெளியை நம்பாதே. பள்ளத்தில் விழும்போது வீல் எங்கே வருகிறது என்பதுதான் கணக்கு. எம்.ஜி.பி.யில் பின் ஆக்சில் ஒரே முழு ஆக்சில், பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஏறினால் ஆக்சிலே சாய்ந்து, ஏறிய வீலின் தலை உள்பக்கமாகப் படுக்கும். அதனால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறுவதையும் பார்க்க வேண்டும், ஒற்றைப் பக்கம் ஏறுவதையும் பார்க்க வேண்டும்.

பாடியை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்து. ஸ்பிரிங்கில் இழுவிசை இல்லாமல் இறக்கிய பிறகு, மெயின் பட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பட்டைகளைக் கழற்றினால் ஆக்சில் ஜாக்கிக்கு அடங்கி, பம்ப் ரப்பரைத் தொடும்வரை மேலே வரும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதே. ஆர்ச் உதட்டின் உட்பக்கத்தில் விரல் தடிமனுக்குக் களிமண் ஒட்டி, வீலை ஏற்றி, கையால் ஒரு சுற்று சுற்று. களிமண்ணில் டயர் பதித்த இடத்தையும் ஆழத்தையும் பார்த்தால் எங்கே வெட்டவேண்டும் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். வீல் முழுக்க ஏறிய நிலையிலும் 15 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அள. இந்த வண்டிகளில் இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

3. ஆர்ச்சை விளக்குக்கு நேரே பிடி

பெயின்ட் அடிக்காத ஃபைபர் ஆர்ச்சை வாங்கும்போது அதைத் திருப்பி, பின்னால் ஒரு பல்பை எரியவிட்டுப் பார். ரெசின் நன்றாக ஊறிய இடத்தில் வெளிச்சம் ஒரே சீராகத் தெரியும். வெள்ளை வெள்ளையாக நார் தெரிந்தால் அங்கே ரெசின் சேரவில்லை. வட்ட வட்டமாகத் தெரிந்தால் உள்ளே காற்றுக் குமிழி. ரிவெட் வரும் ஓரத்தில் இவை இருந்தால் அந்தத் துண்டே வேண்டாம். சுமார் 3 மி.மீ. தடிமன் இருந்தால் நல்லது. காகிதம் மாதிரி வளைந்தால் பெயின்ட் வெடிக்கும்.

மூக்கைத் துளைக்கும் ரெசின் வாடை அடித்தால் அது இன்னும் முழுசாகக் காயவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டதைச் சில வாரம் வெதுவெதுப்பான இடத்தில் வளையாமல் சாய்த்து வைத்து, பிறகு தொடு. காயும்போது சுருங்குகிற பொருள் இது. வண்டியில் ஏற்றி பெயின்ட் அடித்த பிறகு சுருங்கினால், அடியில் இருக்கும் நாரின் வரி மேலே பெயின்ட்டில் தெரியும்.

4. துரு இருந்தால் முதலில் அது

எம்.ஜி.பி.யில் வெளி மட்கார்டும் உள் ஆர்ச்சும் சேரும் உதடு சேறு தங்கும் இடம். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் உதட்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வா. நல்ல தகடு 'டங்' என்று சொல்லும். துருப்பிடித்தது 'பொத்' என்று அடங்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பழைய பட்டி இருக்கிறது. துருவை மூடி மறைக்க ஆர்ச் போடுகிறவர்கள் உண்டு, நீ அந்த வேலைக்குப் போகாதே. ரிவெட்டும் பசையும் பிடிக்க நல்ல தகடு வேண்டும்.

சீட் பெல்ட்டின் போல்ட் உன் வண்டியில் எங்கே இறங்குகிறது என்றும் பார்த்துவிடு. உள் ஆர்ச்சின் மேலே இருந்தால், அந்தத் தகடுதான் உன்னையே பிடித்து நிறுத்தப்போகிறது. பிரிட்டனின் எம்.ஓ.டி. சோதனையில் சீட் பெல்ட் பிடிக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு துருவால் பலம் இழந்திருந்தால் வண்டிக்குத் தேர்ச்சி தர மாட்டார்கள்.

5. வண்டி காலில் நிற்கும்போது கோடு போடு

ஆர்ச் வைத்துப் பார்க்கும்போது வண்டி ஸ்டாண்டில் இருக்கக்கூடாது. கழற்றிய பட்டைகளை மாட்டிவிட்டு, சமதரையில், தன் சொந்த டயரில் நிற்க வேண்டும். பழைய ஆர்ச்சின் வளைவைப் பின்பற்றாதே. ஆக்சில் மையத்திலிருந்து முன்னாலும் பின்னாலும் மேலேயும் அளந்து, வீலுக்கு நடுவாக ஆர்ச்சை வை. 1974-ன் கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பருடன் வந்த வண்டிகள் முந்தையதைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும். வண்டியை இறக்கும் எண்ணம் இருந்தால் இறக்கிய பிறகே அள, இல்லையென்றால் டயருக்கு மேலே வெறும் இடமாகத் தெரியும்.

மாஸ்கிங் டேப்பால் ஒட்டி நிறுத்திவிட்டுக் கதவை முழுக்கத் திற. ஆர்ச்சின் முன் ஓரம் கதவு இடுக்கைத் தொடுகிறதா? பக்கவாட்டு குரோம் பட்டையோடு மேல் ஓரம் மோதுகிறதா? எல்லாம் சரி என்றால் ஐந்து மீட்டர் தள்ளிப் போய் நின்று பார். பின்னாலிருந்தும் பார். ஒரு பக்கம் திருப்தியானதும் அட்டையில் அச்சு வெட்டி, அதைத் திருப்பி மறுபக்கம் வை. கையால் வார்த்த ஆர்ச்சுகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. கண்ணுக்குச் சமமாகத் தெரிவதே போதும்.

6. கிரைண்டரை எடுக்கும் முன்

எம்.ஜி.பி.யின் பெட்ரோல் டாங்க் டிக்கித் தரைக்கு அடியில். எஸ்.யு. பெட்ரோல் பம்பும் வலது பின் வீலுக்குப் பக்கத்தில்தான். டாங்கைக் கழற்றி, வேலை நடக்கும் இடத்தை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய் வை. காலி டாங்க்தானே என்று விட்டுவிடாதே. உள்ளே நிற்கும் ஆவி திரவத்தைவிட ஆபத்து. பெட்ரோல் குழாயின் முனைகளை அடை. சீட்டுக்குப் பின்னால் பேட்டரி இருக்கும். 1974 வரை வந்த வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. இரண்டையும் எடு. வெல்டிங் மின்சாரம் ஆல்டர்னேட்டரைக் கெடுக்கலாம், அதன் இணைப்பையும் கழற்று.

கார்ப்பெட், உள் அலங்காரம் எல்லாம் வெளியே. கண்ணாடியைக் கனமான போர்வையால் மூடு. கிரைண்டர் தீப்பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாக உருகி ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெல்டிங் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இரு.

7. வெட்டும் வேலை, மூடும் வேலை

ஆர்ச் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போடு. அதிலிருந்து 25 முதல் 30 மி.மீ. வீல் பக்கமாக இறங்கி இன்னொரு கோடு. வெட்டுவது இரண்டாவது கோட்டில். நடுவில் மிச்சமாகும் பட்டைதான் ஆர்ச்சுக்கு உட்காரும் இடம். முதல் கோட்டில் வெட்டிவிட்டால் ரிவெட் அடிக்கத் தகடே இருக்காது. முதலில் குறைவாக வெட்டி, வீலை ஏற்றிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டு. காற்றில் ஓடும் சின்ன ரம்பம் இருந்தால் அதுவே மேல், பொறியும் குறைவு, கோடும் நேர்.

வெளித்தகட்டை மட்டும் வெட்டு. வெட்டியதும் வெளித்தகட்டுக்கும் உள் ஆர்ச்சுக்கும் நடுவே வாய் பிளந்து நிற்கும். இதை அப்படியே விட்டு மேலே ஃபைபரைப் போட்டு மூடுகிறவர்கள்தான் வண்டியைக் கெடுப்பவர்கள். பின்பக்கப் பாடியின் விறைப்பு போய்விடும். டயர் அள்ளி வீசும் சேறும் தண்ணீரும் நேராக மட்கார்டுக்குள் புகும்.

மூடும் விதம் இது: ரவிக்கைக் கழுத்தை மடிக்கும்போது வளைவில் சின்னச் சின்ன வெட்டு கொடுப்போமே, அதேபோல் உள் ஆர்ச்சின் ஓரத்தில் 25 மி.மீ.க்கு ஒரு வெட்டு கொடு. ஒவ்வொரு நாக்கையும் சுத்தியால் வெளிப்பக்கம் மடித்து வெளித்தகட்டோடு சேர். உள் ஓரம் எட்டவில்லை என்றால் அதே தடிமனில் ஒரு தகட்டுப் பட்டையை வளைத்து நடுவில் இணை. சேரும் இடங்களில் வெல்டிங் தாங்கும் ஜிங்க் பிரைமர் அடித்துக்கொள். ஒரே இழுவையாக வெல்டிங் போடாதே. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வை, நடுவில் ஆறவிடு. பின் மட்கார்டு பெரிய தட்டைத் தகடு. சூடு ஏறினால் அலை அலையாகி, டிங்கரிங் செலவு தனியாக வரும். முடிந்ததும் நாக்குகளுக்கு இடையே உள்ள முக்கோண இடுக்குகளையும் வெல்டிங்கில் அடைத்து, எல்லா இணைப்பிலும் சீம் சீலர் இழு.

இந்தக் கட்டத்தில் வாளித் தண்ணீரை அடியிலிருந்து பீய்ச்சிப் பார். டிக்கிக்குள்ளோ சீட்டுக்குப் பின்னாலோ சொட்டு வரக்கூடாது. ஃபைபர் இல்லாமலேயே வண்டி முழுசாக மூடியிருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அடுத்த வேலைக்குப் போ.

8. ஃபைபரைக் கழுவு, பிறகு தேய்

அச்சிலிருந்து ஆர்ச் கழன்று வர மெழுகு தடவியிருப்பார்கள். அது மேலே இருக்கும்போதே எமரி போட்டால் மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு பெயின்ட் நிற்காது. முதலில் மெழுகு எடுக்கும் சால்வென்ட்டால் துடை. துணியை அடிக்கடி மாற்று. அதன் பிறகே தேய்ப்பு.

ஃபைபர் தூளைச் சாதாரணமாக எண்ணாதே. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, தூசுக்கான பி3 தர மாஸ்க் எல்லாம் போட்டுக்கொள். தோலில் பட்டால் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவு. தேய்த்தால் நார் இன்னும் உள்ளே குத்தும்.

ஓட்டை போடும் இடத்தில் டேப் ஒட்டி, வழவழப்பான வெளிப்பக்கத்திலிருந்து, அழுத்தாமல் துளை. உள்ளிருந்து துளைத்தால் வெளியே ஜெல்கோட் சில்லுச் சில்லாகப் பெயரும். ஓரத்திலிருந்து 12 மி.மீ.யாவது தள்ளி வரட்டும்.

9. ஒட்டுவதா, ரிவெட்டா?

இரண்டும் சேர்ந்தால் நல்லது. தகட்டை வெறும் உலோகம் தெரியத் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு கார் பாடிக்கென்று வரும் பாலியூரித்தேன் பசையை இழு. ஃபைபருக்கு வரும் சாதாரண பாலியெஸ்டர் ரெசினை நம்பித் தகட்டோடு ஒட்டாதே, நாளானால் விட்டுவிடும். ஒட்டியபின் பசை 2 மி.மீ. தடிமனாவது நிற்கட்டும். மொத்தத்தையும் பிதுக்கி வெளியேற்றினால் அது இழுத்துக்கொடுக்க இடமில்லை.

ஏன் இழுத்துக்கொடுக்க வேண்டும்? வெயிலில் ஃபைபர், இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீள ஆர்ச்சில் 40 டிகிரி சூடு ஏறினால் இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வருகிறது. இறுகிய பட்டி அதைத் தாங்காது, இணைப்பு ஓடும் வழியே முடி போல விரிசல் விடும்.

ரிவெட்டை 75 முதல் 100 மி.மீ.க்கு ஒன்றாக, நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாற்றி மாற்றி அடி. அகலத் தலை உள்ள ரிவெட் வாங்கு. ரிவெட் விரியும் முனை ஃபைபர் பக்கம் வராமல் தகட்டுப் பக்கம் இருக்க வேண்டும். எப்போதாவது கழற்ற வேண்டிவரும் என்று நினைத்தால் ரிவெட்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அகல வாஷரும் போடு. அப்போது பசை வேண்டாம், நடுவில் ரப்பர் பீடிங் போதும்.

இணைப்பைப் பட்டி போட்டு மறைப்பதா, தெரியவிடுவதா? என் ஓட்டு தெரியவிடுவதற்கே. பீடிங் வைத்த ஆர்ச் ரேஸ் வண்டி களையோடு இருக்கும், விரிசல் பயமும் இல்லை. மறைத்தே ஆகவேண்டும் என்றால் இணைப்பின் மேல் எபாக்ஸியில் நனைத்த ஃபைபர் துணி ஒரு பட்டை போட்டு, அதற்கு மேல் மெல்லிய பட்டி. அப்படியும் அது நிரந்தரம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

10. ரெசின் கலக்கும்போது

உள்பக்கத்தைத் தடிப்பாக்க பாலியெஸ்டர் ரெசின் கலந்தால், 100 கிராமுக்கு ஹார்டனர் 1 முதல் 2 கிராம். சீக்கிரம் காயட்டும் என்று கூட ஊற்றாதே. டப்பாவிலேயே கொதித்துப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்று. குளிர்காலக் கராஜில் 15 டிகிரிக்குக் கீழே இந்த வேலை வேண்டாம், காயாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதே. பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேராக ஆஸ்பத்திரி. கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியாக வாங்கியிருந்தால் அதையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் ஒருபோதும் கலக்காதே, வெடிக்கும்.

11. பெயின்ட்டும் அடிப்பக்கமும்

இரண்டு கூறு கலந்து அடிக்கும் கார் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்குச் சாதாரண மாஸ்க் போதாது, வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். அந்த வேலையைப் பெயின்ட் கடைக்காரரிடமே விடு. ஆர்ச் ஃபைபர் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

அடிப்பக்கத்தில் ஃபைபருக்கும் தகட்டுக்கும் நடுவே திட்டு மாதிரி ஓர் இடம் உருவாகும். சேறு தங்கினால் பழைய கதை மறுபடி தொடங்கும். அந்த மூலையை சீலரால் சரிவாக நிரப்பி, மேலே கல்லடி தாங்கும் கோட்டிங் அடி. எல்லாம் காய்ந்தபின் மட்கார்டின் உட்குழிக்குள் மெழுகு பீய்ச்சு.

12. காகித வேலை

பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. ஆனால் ரோட்டில் ஓடத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு உன்னுடையதுதான். டயர் ஆர்ச்சுக்குள் முழுசாக அடங்கட்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வீல், டயர், ஆர்ச் மூன்றையும் எழுத்தில் சொல். சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் அவர்கள் கையை விரிக்கலாம். வெட்டுவதற்கு முன்னும், வெல்டிங் முடித்த பின்னும் படம் எடுத்து வை. நாளைக்கு வண்டியை விற்கும்போது, ஆர்ச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் விவரம் தெரிந்தவன் முதலில் கேட்பான்.

13. முதல் ஓட்டம்

கழற்றிய பட்டைகளைத் திரும்ப மாட்டினாயா, யூ போல்ட்டை முறுக்கினாயா என்று சரிபார். உட்பக்க ஓரத்தில் சாக்பீஸ் பூசி, ஆள் ஏற்றி, டிக்கியில் சாமான் வைத்து, மேடு பள்ளமான ரோட்டில் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து பார். சாக்பீஸ் அழிந்த இடத்தில் டயர் உரசியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வேகம் எடுக்காதே. முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கு. முதல் மழையில் ஓட்டிய பிறகு டிக்கி கார்ப்பெட்டின் அடியில் கையை விட்டுப் பார். காய்ந்திருந்தால் தகர வேலை சரி. ஈரமாக இருந்தால் பசைக் குழாயைத் தேடாதே, ஆர்ச்சைக் கழற்றி வெல்டிங்கைப் பார்.